நல்லைநாதன், பி.

படிவம் கேட்கிறது: மொத்த மேற்கோள்கள் எத்தனை?
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதல்
பீடாதிபதி அலுவலகத்தில் கொடுத்துவிடவேண்டும்.
கின்சி வீதியில் விடாத மழை.
நுளம்புகளுக்கு நல்ல காலம்.
எனக்கும்தான், சொல்லப்போனால்;
அவை போடுகிற சோறு.

தேடினால்
திரையில் நான் இரண்டு பேர்.
ஒருவர் நல்லைநாதன், பி.
பதினொரு கட்டுரை, இருநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்.
கலியாணத்துக்குப் பிறகு வந்தவர் குகராஜா, பி.
நாலு கட்டுரை, முப்பத்தெட்டு.
ஒருவரை ஒருவர் அறியார்.
எச்-சுட்டெண் அவருக்கு ஏழு, இவருக்கு மூன்று,
சேர்த்துவிட்டால் எட்டு.
ஏழும் மூன்றும் எட்டு:
இந்தக் கணக்கை அப்பா ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.

எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதை
முதல் கட்டுரை அனுப்பிய இரவு
அந்தச் சிவப்பு நட்சத்திரக் கட்டத்துக்கு
என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை.
வெறுமையாய் விட்டால் உள்ளே விடாது.
அப்பாவின் பெயரைத் தட்டினேன்.
பிரவாகினி
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் ஆனாள்.

ஆகவே, டெங்கு இரண்டாம் வகை
கொழும்பில் எப்போது கிளை பிரிந்தது என்று
சாவோ பாவ்லோவில் யாரோ எழுதும்போது
‘நல்லைநாதன் முதலானோர் காட்டியபடி’ என்கிறார்.

நல்லைநாதன் துறைமுகத்தில் மூட்டை எண்ணியவர்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
முப்பத்தொரு வருஷம்.
வைரஸ் என்றால் தடிமன் என்று நினைத்திருந்தார்.
செத்து ஆறு வருஷமாகியும்
போன மாதம் மூன்று பேர் அவரை ஆதாரம் காட்டியிருக்கிறார்கள்.

‘முதலானோர்’ என்ற சொல்லுக்குள்
ஸவாஹிரா இருக்கிறாள், துஷார இருக்கிறான்.
செல்லமுத்து இல்லை.
பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் போன அந்த ஏப்ரலில்
ராவு முழுக்க வரிசையில் நின்று
இரண்டு கேன் டீசலோடு வந்தவர்.
அதற்குள் பிரீசர்
கழித்தல் எண்பதிலிருந்து
கழித்தல் பதினொன்றுக்கு ஏறியிருந்தது.
குழாய்களைத் தூக்கிப் பார்த்தோம்,
எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு வேர்வை.
நூற்று நாற்பது சிறுபிள்ளைகளின் சீரம்.
அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் பூச்சியம்.
அந்தக் கட்டுரையே இல்லை.
அதற்குப் படிவத்தில் கட்டமும் இல்லை.

இருநூற்றைம்பதில்
நாற்பத்தாறு நானே என்னைச் சொன்னது.
மிச்சத்தில் பாதி, ஒரு வசனத்தின் கடைசியில்
அடைப்புக்குறிக்குள் ஐந்தாறு பேரோடு
154 பஸ்ஸில் தொங்குகிற மாதிரி.
ஒன்று மட்டும் வேறு.
லியோனிலிருந்து ஒருவர், ‘நல்லைநாதன் கண்டதற்கு மாறாக’ என்று தொடங்கி
என் பிரைமரில் ஒரு காரம் பிசகியதைப்
பின்னிணைப்பின் நாலாம் அட்டவணையில் பிடித்திருக்கிறார்.
கோபத்தோடு போய்ப் பார்த்தேன்.
அவர் சொன்னது சரி.
அன்றிரவு சந்தோஷமாய் இருந்தது ஏன் என்று
குகராஜாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.
ஒரு மனிதர் கடைசிப் பக்கம்வரை வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இருவரும் ஒருவரே என்று
சத்தியக்கடதாசி வேண்டுமாம்.
புதுக்கடையில், போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல்மாடியில்
சமாதான நீதவான் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
“அப்ப நல்லைநாதன் ஆர்?”
“அப்பா.”
“அவரும் டொக்டரோ?”
ஓமென்றும் இல்லையென்றும் வராமல்
தலையை எப்படியோ ஆட்டினேன்.
முத்திரை ஒட்டினார். ஐந்நூறு ரூபாய்.
கையெழுத்துப் போட நீட்டிய அவர் புறங்கையில்
ஒன்று வந்து இருந்தது.
அடிக்க முதல் குனிந்து பார்த்தேன்:
காலில் வெள்ளை வளையம்.